கடிகாரத்துக்கு மண்ணெண்ணெய்க் குளியலா?

சாவி கொடுக்கும் பழைய சுவர்க் கடிகாரம் ஒரு நாள் நின்றுவிடுகிறது. உடனே யாராவது ஒருவர் யோசனை சொல்வார்: "மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைப் பெட்டிக்குள் வையுங்கள், அல்லது இயந்திரத்தை அப்படியே மண்ணெண்ணெயில் முக்கி எடுங்கள். தானே ஓடும்." அவ்வாறே செய்கிறோம். கடிகாரமும் ஓடத் தொடங்குகிறது! எனவே யோசனை சரியானதே என்று முடிவு கட்டிவிடுகிறோம். இம்முடிவு சரிதானா? சற்று ஆராய்வோம்.

கடிகாரம் நின்றது ஏன்? பற்சக்கரங்களின் அச்சுகள் எஃகினால் ஆனவை. அவற்றின் மெல்லிய முனைகள் பித்தளைத் தகடுகளில் உள்ள துளைகளில் சுழல்கின்றன. உராய்வைக் குறைக்க அங்கே ஒரு துளி எண்ணெய் இடப்படுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் சேர்ந்து பசைபோல் இறுகுகிறது. அதில் தூசும் மணல் துகளும் ஒட்டிக்கொள்கின்றன. பித்தளை மென்மையானது, ஆகவே கடினமான துகள்கள் துளையின் சுவரில் பதிந்துவிடுகின்றன. பதிந்த துகள்கள் சாணைக்கல்லாக மாறி, பித்தளையைவிடக் கடினமான எஃகு முனையையே தேய்க்கின்றன!

மண்ணெண்ணெய் இங்கே செய்வது என்ன? இறுகிய எண்ணெயை இளக்குகிறது. உராய்வு குறைகிறது, கடிகாரம் ஓடுகிறது. ஆனால் துகள்கள் எங்கே போயின? எங்கும் போகவில்லை. இயந்திரத்தைப் பிரிக்காதவரை அவை துளைக்குள்ளேதான் இருக்கும். முன்பு பசைக்குள் இருந்த துகள்கள் இப்போது போதிய எண்ணெய்கூட இல்லாமல் உலோகத்தை அராவுகின்றன. கடிகாரம் ஓடுவது, அழுக்கு இளகியதற்குச் சான்றே தவிர, அழுக்கு நீங்கியதற்குச் சான்றாகாது.

மாணவப் பருவத்தில் நானும் இத்தவற்றைச் செய்தவன்தான். எங்கள் வீட்டுக் கடிகாரம் சில மாதங்கள் ஓடி மீண்டும் நின்றது. பழுதுபார்ப்பவர் அதைப் பிரித்து, அச்சு முனையில் விழுந்திருந்த பள்ளத்தைக் காட்டியபோதுதான் உண்மை விளங்கியது. வினாடிக்கு ஒருமுறை 'டிக்' என ஒலிக்கும் கடிகாரம் நாளொன்றுக்கு 86,400 முறை ஒலிக்கிறது. ஓராண்டில் 3 கோடியே 15 லட்சம் முறைக்கு மேல்! அத்தனை முறையும் அச்சு முனை அந்தத் துகள்களின் மீது உராய்கிறதல்லவா?

மற்றொரு யோசனை, பித்தளை பளபளக்க அம்மோனியா கரைசலில் இரவு முழுவதும் ஊறவைப்பது. அம்மோனியா, பித்தளையின் மேலுள்ள செம்பு ஆக்ஸைடைக் கரைத்துக் கறையை நீக்குவது உண்மையே. ஆனால் கறை தீர்ந்ததும் அது நின்றுவிடுவதில்லை. உலோகத்தையும் அரிக்கத் தொடங்கும். கரைசல் நீல நிறமாக மாறினால், அதில் செம்பு கரைந்திருக்கிறது என்று அறியலாம்.

இதில் இன்னொரு அபாயமும் உண்டு. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படையினர், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் வெடித்திருப்பதைக் கண்டனர். 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவர் இதற்குக் காரணம் கண்டனர். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் தங்கியிருந்த விறைப்பும் சேர்ந்தே அவ்வெடிப்பை உண்டாக்கின. கடிகாரத்திலும் அடித்தும் உருட்டியும் உருவாக்கிய பித்தளைப் பகுதிகள் உள்ளன. அம்மோனியா கரைசலே கூடாது என்பதல்ல. தேர்ந்த பழுதுபார்ப்பவர்களும் அதைப் பயன்படுத்துகின்றனர். ஆனால் அவர்கள் சில நிமிடங்களில் வெளியே எடுத்து, நன்றாக அலசி, உடனே உலர்த்திவிடுவர்.

பெட்ரோலைப் பற்றி என்ன சொல்வது? அது எண்ணெயை நன்றாகக் கரைக்கும். ஆனால் அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, அடுத்த அறையிலுள்ள அடுப்பிலும் தீப்பற்றக்கூடும். வீட்டில் அதைத் தொடவே வேண்டாம். ஆல்கஹால் ஈரத்தை நீக்க உதவும். ஆயினும் சில கடிகாரங்களில் சிறு கற்களை அரக்கால் ஒட்டியிருப்பார்கள். ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

ஆகவே, "எந்தக் கரைசல் சிறந்தது?" என்ற கேள்வியே முழுமையற்றது. மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நீக்க வேண்டிய அழுக்கு எது: எண்ணெய்ப் பசையா, ஆக்ஸைடுக் கறையா? கரைசல் படும் பொருள் எது: பித்தளையா, எஃகா, அரக்கா? வேலை முடிந்ததும் அக்கரைசலை எப்படி முற்றிலும் நீக்குவது? மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நீர் தங்கினால் எஃகு துருப்பிடிக்கும் அல்லவா?

எந்தக் கரைசலாயினும் இயந்திரத்தைப் பிரித்தே கழுவ வேண்டும். ஒவ்வொரு துளையையும் கூராக்கிய மென்மரக் குச்சியால், குச்சி கறையின்றி வெளிவரும்வரை துடைக்க வேண்டும். பிறகு அச்சு முனைகளுக்குச் சிறிதளவு கடிகார எண்ணெய் இட வேண்டும். சக்கரப் பற்களில் இட்டால் தூசுதான் சேரும். ஒரு வாரம் ஓடும் கடிகாரத்தின் சுருள்வில்லில் அவ்வளவு நாளைக்குரிய ஆற்றலும் அடங்கியிருக்கிறது. முறுக்கைத் தளர்த்தாமல் பிரித்தால் விரல்களுக்கு ஆபத்து. எனவே பிரிக்கும் வேலையைப் பழகியவரிடமே விட்டுவிடுங்கள்.

அவரிடம் கொடுக்கும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: "பிரித்துக் கழுவுவீர்களா, முக்கி எடுப்பீர்களா?" உங்கள் கடிகாரத்தின் ஆயுள் அவருடைய பதிலில் இருக்கிறது.