வழி கண்டவரா, வழி கேட்டவரா?

போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கைக்கு வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே இத்தீவைப் பற்றி இத்தாலியருக்கு எடுத்துரைத்தவர் வெனிஸ் வணிகரான நிக்கோலோ தெ கோந்தி. 1444 இல் தாயகம் மீண்ட அவர் கூறியவற்றைப் பாப்பரசரின் செயலாளர் பொஜ்ஜோ இலத்தீனில் எழுதிவைத்தார்.

அந்நூல் இலங்கையின் சுற்றளவை 3,000 மைல் என்கின்றது. உண்மை அளவு அதிற் பாதிதானும் இல்லை. ஆயின் கறுவா மரத்தின் இலையும் கனியும், அடிமரப் பட்டையினும் கிளைப் பட்டை சிறந்ததென்பதும் அதிற் செவ்வனே கூறப்பட்டுள்ளன. தீவை அளத்தல் வணிகர்க்கு அரிது. சரக்கை அறிதலோ அவர் தொழில். ஆதலால் அந்நூலை முற்றும் நம்புதலும் முற்றும் தள்ளுதலும் தவறாம்.

கோந்தியைப் புதுவழி கண்டவரெனப் புகழ்வோர் ஒன்றை மறக்கின்றனர். அவர் திமிஷ்கு நகரில் அரபு கற்றார், பாரசீகமும் பயின்றார், பாரசீக வணிகரோடு உறுதிமொழி செய்து கூட்டாகக் கப்பலேறினார். அவர் சென்றது முஸ்லிம் வணிகர் தலைமுறை தலைமுறையாகச் சென்ற வழியே. கல்முனைக் கரையிற் சரித்திரம் கற்பிக்கும் நாம் இதனை மாணவர்க்கு உணர்த்துதல் கடன். பிறர் அறிந்ததை அவர்தம் மொழியிலேயே கேட்டறிந்து தம் நாட்டார்க்கு உரைத்தமையே கோந்தியின் பெருமை, அது சிறுமையன்று.