முன்றிலில் ஒரு மாலை: ஐங்குறுநூறு 410-உம் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

ஐங்குறுநூற்றின் ஐந்தாம் நூறாகிய முல்லை பேயனார் பாடியது. அதன் முதற்பத்தாகிய செவிலி கூற்றுப்பத்து, மகள் இல்லறம் நடத்தும் மனைக்குச் சென்று மீண்ட செவிலி, அங்குக் கண்டவற்றை நற்றாய்க்கு உரைப்பதாக அமைந்தது. பத்தின் இறுதிப்பாட்டு 410. மாலை வேளை; வீட்டு முன்றிலில் கால் குறுகிய கட்டில்; அருகில் மனைவி; தந்தையின் மார்பில் தவழும் மகன்; பாணனின் யாழிசை. ஐந்தடிகளில் அடங்கும் இக்காட்சியில் நிகழ்ச்சி எனச் சொல்லத்தக்கது ஏதுமில்லை. இவ்வெளிமையே மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றக்கூடியது. பாட்டில் காலங்காட்டும் வினைமுற்று ஒன்றே உள்ளது. அதனைப் பிறழக் கொள்ளின் பாட்டின் பொருள் தலைகீழாகிவிடும்.

அம்முற்று ‘ஒத்தன்று’ என்பது. இக்காலத் தமிழில் ‘அன்று’ எதிர்மறைச் சொல்லாகவே வழங்குவதால், ‘யாழிசை அப்பொழுதிற்கு ஒத்ததாக இல்லை’ எனப் படிக்க மனம் விரையும். பழந்தமிழ் இலக்கணம் அதற்கு இடந்தரவில்லை. இறந்தகால அடியோடு ‘அன்’ சாரியையும், அஃறிணை ஒருமை காட்டும் ‘று’ விகுதியும் சேர்ந்த உடன்பாட்டு முற்று இது. ‘வந்தன்று’ என்பது ‘வந்தது’ எனப் பொருள்படுமாறு போல, ‘ஒத்தன்று’ என்பது ‘ஒத்தது’ எனப் பொருள்படும். எதிர்மறை கருதப்பட்டிருப்பின் ‘ஒத்ததன்று’ என்றோ ‘ஒவ்வாது’ என்றோ வடிவம் அமைந்திருக்கும்.

எதிர்மறைப் பொருளை நோக்கி வாசகரை ஈர்க்கும் காரணம் இலக்கணத்திற்கு வெளியிலும் உண்டு. குழலினும் யாழினும் மழலை இனிது என்னும் கருத்தைக் குறள் 66 தமிழ் மனத்தில் ஆழப் பதித்துள்ளது. மகனும் யாழும் ஒருங்கு வரும் இடத்தில் யாழ் தோற்கவேண்டும் என எதிர்பார்ப்பது இயல்பே. ஆயின் குறள் ஒப்பிட்டு உயர்த்துகிறது. இப்பாட்டோ பொருத்தத்தைக் கூறுகிறது. இதே பத்தின் வேறொரு பாட்டிலும் பாணர் முல்லை இசைக்க, மனைவி முல்லை சூட, தலைவன் மகனோடு இனிதே இருக்கிறான். அங்கும் இசை மகனுக்குப் போட்டியன்று. இன்பத்தின் ஓர் உறுப்பே. ஆகவே பாட்டின் சூழலும் சொல்லிலக்கணமும் உடன்பாட்டுப் பொருளையே வலியுறுத்துகின்றன.

அடுத்த சிக்கல் தொடரமைப்பைச் சார்ந்தது. முன்றில், கட்டில், மனைவி, மகன் ஆகிய அனைத்தும் ‘பொழுது’ என்னும் ஒரே பெயருக்கு அடையாகத் திரண்டு நிற்கின்றன. குடும்பம் எதையும் செய்வதாக முற்றுவினை ஏதும் கூறவில்லை. குடும்பமே அப்பொழுதின் இயல்பாகிவிடுகிறது. யாழ் பாட்டின் கடைசிச் சொல்லாக வருகிறது. எழுவாயை முதலில் வேண்டும் ஆங்கிலம் போன்ற மொழியில் யாழே தொடக்கத்தில் வந்து நிற்கும். கேட்போர் முதலில் குடும்பத்தைக் கண்டு, பின்னரே இசையைக் கேட்கும் முறை சிதையும். தொடரை இரண்டாகப் பிரித்தேனும் இவ்வரிசையைக் காத்தல் நன்று. மேலும், தலைவனைச் சுட்டும் சொல் பாட்டில் இல்லை. ‘மனையோள்’, ‘புதல்வன்’ என்னும் உறவுச் சொற்களாலும் மார்பு என்னும் உறுப்பாலும் மட்டுமே அவன் உணரப்படுகிறான். ‘அவனுடைய மார்பு’ என எழுதியே தீரவேண்டிய மொழிகளில் இந்த மறைவு வெளிப்பட்டுவிடுகிறது. அவ்விழப்பு தவிர்க்க இயலாதது. எனினும் அதற்கு மேலும் ‘கணவன்’, ‘தலைவன்’ எனப் பெய்து நிரப்புதல் தேவையற்றது.

சொற்றேர்விலும் கவனம் வேண்டும். ‘முன்’, ‘இல்’ என்பன புணர்ந்து றகரம் பெற்று ‘முன்றில்’ ஆவதைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரம் கூறுகிறது. இல்லத்தின் முன்னிடமே முன்றில். நாற்புறமும் அறைகள் சூழ்ந்த உள்முற்றத்தைக் குறிக்கும் பிறமொழிச் சொல்லை இடுவது பொருந்தாது. பாணன் வந்து இசைப்பதற்கும், வந்த செவிலி காண்பதற்கும் இயைந்த திறந்த வெளியாக அது அமையவேண்டும்.

இறுதியாக, ‘ஒத்தன்று’ காட்டும் இறந்தகாலம் கருதத்தக்கது. இனிய காட்சி என்பதால் நிகழ்காலத்தில் பெயர்க்கத் தோன்றும். அவ்வாறு செய்யின் பாட்டு ஒரு குடும்பச் சித்திரமாகச் சுருங்கும். உண்மையில் இங்கு இரு மனைகள் உள்ளன: மகள் வாழும் மனை, அவள் பிரிந்து சென்ற மனை. செவிலி கண்டு மீண்டவள், நற்றாய் காணாதவள். ‘அம்ம’ என்பது கேட்பிக்கும் பொருளில் வரும் எனத் தொல்காப்பியம் கூறும். ஆகவே அவ்விடைச்சொல், பாட்டிற்குள் கேட்போர் ஒருவர் இருப்பதை உணர்த்துகிறது. அதனை வெறும் வியப்பொலியாக்கினாலோ விட்டுவிட்டாலோ நற்றாய் மறைந்துவிடுவாள். முன்றிலில் இருந்த மூவரின் இன்பம், அங்கில்லாத ஒரு தாய்க்குச் செய்தியாக வந்து சேர்வதே இப்பாட்டின் உயிர். உடன்பாடும் இறந்தகாலமும் கேட்பிக்கும் சொல்லும் பெயர்ப்பில் காக்கப்பட்டால் அவ்வுயிர் நிலைபெறும் எனலாம்.