குடிசைக்கு வெளியே ஒரு வரலாறு

பாசிசம் என்றதும் சீருடைகளும் ஐரோப்பியத் தலைநகரங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், இத்தாலியில் அது வலுப்பெற்றது வயல்வெளியில். 1920க்கும் 1922க்கும் இடையில், போ ஆற்றுச் சமவெளியின் நிலவுடைமையாளர்கள் பொருளுதவி செய்து வளர்த்த பாசிசப் படைகள், விவசாயத் தொழிலாளர் சங்கங்களை ஊர் ஊராகத் தாக்கின. அப்பகுதியிலுள்ள அர்ஜெந்தாவின் பங்குத்தந்தை ஜொவான்னி மின்சோனி, இளைஞர்களை அவர்கள் பிடியில் விட மறுத்தார். 1923 ஆகஸ்டு 23 அன்று அடித்துக் கொல்லப்பட்டார்.

இதை மனத்தில் இருத்திப் பார்த்தால், பாரதி கிருஷ்ணகுமார் இயக்கிய ‘ராமையாவின் குடிசை’ (2005) என்னும் ஆவணப்படம் கீழத்தஞ்சையின் தனித்த துயரமாக மட்டும் தோன்றாது. 1968 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு விழாவின் இரவு. கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 தலித் உயிர்கள் எரிக்கப்பட்டன; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கேட்டது கூலியில் அரைப்படி நெல் கூடுதல். இத்தாலியும் வெண்மணியும் ஒன்றல்ல. இங்கே சாதி என்னும் பழைய நெருப்பும் இருந்தது. ஆயினும், உழைப்பவர் ஒன்றுசேர்வதை வன்முறையால் உடைக்கும் முறை இரண்டிலும் ஒன்றே.

படத்தின் வலிமை, உயிர் பிழைத்தவர்களைப் பேசவிட்டதில் இருக்கிறது. நினைவு பிசகக்கூடியது என்பர் சிலர். உண்மைதான், வாய்மொழியை ஆவணத்தோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும். ஆனால், ஆவணம் பிசகாதா? 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதாரர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள் தாமே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத் தக்கதாக இல்லை என்று கருதியது. அங்கே எடை போடப்பட்டது சாட்சியமா, செல்வமா?

எனினும், படத்தைப் பார்க்கும் நம்மிடம் ஒரு குறை உண்டு. வெண்மணியைத் தீயாக மட்டுமே நினைவுகூரப் பழகிவிட்டோம். இறந்தவர்களை இரங்கத்தக்கவர்களாக ஆக்கி, அவர்களின் துணிவை மறந்துவிட்டோம். 1940களில் பி. சீனிவாசராவ் போன்றோர் சேரிகளில் தங்கிச் சங்கம் கட்டினார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்தன. செங்கொடியை இறக்கச் சொன்னபோது மறுத்தவர்கள் அந்த வரலாற்றின் பிள்ளைகள். எனவே, வாய்மொழி வரலாற்றைச் சேகரிப்போர் ‘அன்றிரவு என்ன நடந்தது?’ என்பதோடு, ‘அதற்கு முன் நீங்கள் எப்படி நிமிர்ந்தீர்கள்?’ என்றும் கேட்க வேண்டும். முதற்கேள்வி கண்ணீரைத் தரும். இரண்டாவது கேள்வியே வழியைக் காட்டும்.

வெள்ளாற்றங்கரையில், நம் பெண்ணாடத்தின் கரும்பு வயல்களிலும் நெல் வயல்களிலும் உழைத்து முதுமையுற்றோர் பலர் இருக்கின்றனர். கூலிக்காக முதன்முதலில் வாய் திறந்த நாள் எதுவென்று அவர்களை யார் கேட்டிருக்கிறோம்? அந்த நாளுக்குக் கல்வெட்டு இல்லை. அவர்கள் குரல் ஓயுமுன் நாம் போய் அருகில் அமர வேண்டும்.