‘சர்வர் ஸ்லோ’ ஒரு காரணமா?

மந்தாரக்குப்பத்துல காலை பத்து மணிக்கு ஏசி தட்கல் போடுறவங்க எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: ‘சர்வர் ஸ்லோ’. இது அறிகுறி, நோய் இல்லை.

2014 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி புதுத் தளத்தைக் கொண்டுவந்தபோது, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்பது 7,200 ஆகும் என்றார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனா வேகத்தை மட்டும் சொன்னா நெரிசல் எங்கேன்னு தெரியாது. சுரங்கத்துல சக்கரம் எவ்வளவு வேகமா வெட்டினாலும், கன்வேயர் இழுக்கிற அளவுதானே வெளியே வரும்?

டேட்டாபேஸிலும் அப்படித்தான். எல்லாரும் ஒரே ரயிலின் ஒரே பதிவை மாற்ற வந்தால், ஒருத்தர் போட்ட பூட்டுக்காக மீதிப்பேர் காத்திருப்பாங்க. சிபியு சும்மா இருக்கும். அங்கே பெரிய மெஷின் வாங்கினா சும்மா இருக்கிற கோர்தான் கூடும். செஷன் எதுக்குக் காத்திருக்கு, டிஸ்க்குக்கா பூட்டுக்கா என்பதைத்தான் முதலில் பார்க்கணும்.

அதுக்கும் முன்னாடி, வரிசையில நிற்கிறது யாரு? தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் லாகின் முயற்சிகளில் பாதி வரை பாட்கள் என்று 2025 ஜூனில் ரயில்வே சொன்னது. 7,200-ஐப் பெருமையா அறிவிச்ச மாதிரி இந்தக் கணக்கையும் வருஷாவருஷம் வெளியிட்டிருக்கலாம்.