முகவரி மாற்றமும் இல்லத்தின் மறைவும்

இணையத்தின் பழைய நெறிமுறை 32 பிட் நீளமுள்ள முகவரிகளையே உடையது. அவை ஏறத்தாழ 430 கோடிக்கு மேற்படா. அம்முகவரிப் பஞ்சத்துக்குக் குறுங்காலப் பரிகாரமாக 1994 ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்டதே முகவரி மாற்றம். வீட்டுக் கருவிகள் யாவும் ரவுட்டரின் ஒரே முகவரியைப் போர்த்துக்கொண்டு வெளிச்செல்லும் வழக்கம் அதனின்றும் பரவிற்று. ஆறாம் பதிப்பு நெறிமுறை 128 பிட் முகவரிகளைத் தந்தபின் இத்தேவை ஒழிந்தது. எனினும், இல்லத்தை மறைக்கும் திரையாக முகவரி மாற்றம் வேண்டும் என்பார் இன்றும் உளர். பஞ்சத்துக்கு வந்த பரிகாரம் காப்பாகப் போற்றப்படுதல் விந்தையே.

இக்கொள்கைக்கு மறுப்பாக அமைந்தது, இணையப் பொறியியற் பணிக்குழுவின் தொடரில் 2007 மே மாதம் வெளிவந்த 4864 ஆம் இலக்க ஆவணம். முகவரியை மாற்றி எழுதுவதனால் மட்டும் காவல் உண்டாவதில்லை. உள்ளிருந்து தொடங்கப்படாத தொடர்பை ரவுட்டர் உள்ளே விடாமையே காவல் என்பது அதன் வாதம். அப்பணியை, முகவரி மாற்றம் ஏதுமின்றியே, தீச்சுவர் ஆற்றவல்லது. இவ்வாதம் மறுத்தற்கரியது. திரையுந்தான் எத்துணைத் தடித்தது? 2002 ஆம் ஆண்டில் ஸ்டீவன் பெலோவின் என்னும் அறிஞர், தரவுப் பொதிகளிலுள்ள அடையாள இலக்கங்களை நோக்கி, ஒரே முகவரியின் பின் மறைந்துள்ள கணினிகளை எண்ணும் வழியைக் காட்டினார்.

மறைவு பற்றிய பகுதியே ஆவணத்திற் தளர்ச்சியுடையது. முகவரியின் பின் 64 பிட்டுகளைக் கருவியே காலத்துக்குக் காலம் மாற்றிக்கொள்ளும் தற்காலிக முகவரிகளை அது பெரிதும் நம்புகின்றது. முன்பகுதியோ சேவை நிறுவனம் வீட்டுக்கு அளிப்பது. சிலரே வாழும் வீட்டில் அது நெடுநாள் மாறாதிருப்பின், கருவி மறைந்தும் வீடு மறையாது. தற்காலிக முகவரிகளை வகுத்துரைத்து அதே ஆண்டு செப்டெம்பரில் வந்த 4941 ஆம் ஆவணமே இதனை ஒப்புக்கொள்கின்றது. மறைவைக் கருவிதோறும் அளந்தவர்கள், இல்லத்தை ஓரலகாகக் கொண்டு அளந்திலர்.

முன்பகுதி அடிக்கடி மாறினும் இடர் முற்றாக நீங்காது. வன்பொருளின் 48 பிட் இலக்கத்தை முகவரியிற் பதிக்கும் பழைய முறையை ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கைக்கொண்டாற் போதும். அவ்விலக்கம் மாறாமையால், புதிய முன்பகுதியும் அதே வீட்டினது என்பது வெளிப்படும். ஏனைய கருவிகளின் மறைவும் அதனொடு குலையும். இம்முறையைத் தவிர்க்குமாறு 2017 ஆம் ஆண்டில் 8064 ஆம் ஆவணம் பரிந்துரைத்தது. அதன் பின்னரும், பெருஞ்சேவை நிறுவனமொன்றின் தரவுகளை ஆராய்ந்த சைதி, காசர், ஸ்மராக்டாகிஸ் ஆகியோர், பயனாளருள் ஏறத்தாழ 19 சதவீதத்தினரின் மறைவு இவ்வாறு இடர்ப்படக்கூடும் என 2022 இல் வெளியிட்டனர். அத்தகைய பெட்டி தம் கூடத்தில் உளதா என்பதை வீட்டுக்குரியோர் அறிதற்கு எளிய வழியும் இல்லை.