நெல்லில் பூக்கும் மது

எங்கள் பொம்மிடி பழைய தகடூர் நாட்டு ஊர். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, அவன் நல்ல மனதைக் கள்ளிலிருந்துதான் சொல்லத் தொடங்குகிறது. கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் குடித்து மகிழ்வான் என்கிறார். அது எந்தக் கள் என்று பாட்டில் இல்லை. ஆனால் அரிசியில் கள் சமைக்கும் செய்முறையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் படிப்படியாகவே எழுதிவைத்திருக்கிறார்.

குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் கொட்டி ஆற்றுகிறார்கள். புற்றுக்குள் கிடக்கும் குரும்பிபோல மேற்புறம் பூத்த அடையை அதில் பிசைகிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிகின்றன. பச்சை வாடை போகச் சாடியில் முற்றியதை விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். அந்த அடையை நெல்முளை என்று விளக்குவது வழக்கம். மேலே பூத்தது என்று புலவர் சொல்லும்போது எனக்கோ ஜப்பானியரின் கோஜிதான் நினைவில் எழுகிறது.

கோஜி ஒரு பூஞ்சணம். திராட்சையில் சர்க்கரை இருக்கிறது; ஈஸ்ட் பட்டால் புளித்துவிடும். அரிசியில் இருப்பது மாவுச்சத்து. முதலில் அதை இனிப்பாக்கியாக வேண்டும்; அந்த வேலையைச் செய்வது கோஜி. ஜப்பானின் அரிசி மதுவான சாக்கே வடிக்கும் கூடங்களில் ஆவியில் வெந்த அரிசியை வெதுவெதுப்பான அறையில் பரப்பி, பூஞ்சண வித்தைத் தூவி, நடு ராத்திரியிலும் எழுந்து கிளறிவிடுகிறார்கள். அங்கேயும் கணக்கு ஏறக்குறைய இரண்டு நாள்தான்! பிறகு கோஜி, சோறு, தண்ணீர் மூன்றையும் ஒரேயடியாகக் கொட்டாமல் மூன்று தவணையாக ஊறலில் சேர்க்கிறார்கள். மாவு இனிப்பாவதும் இனிப்பு மதுவாவதும் ஒரே தொட்டியில் ஒரே சமயத்தில் நடக்கின்றன. காய்ச்சி வடிக்காமலே 20 சதவீதம் வரை சாராயச் சத்து ஏறுவது இதனால்தான். இந்த வித்தையின் உச்சம் இதுவே என்பேன். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இதை மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது மிகப் பொருத்தம்.

அரிசியிலும் அவர்கள் ரசனை தனி. ஹியோகோ மாநிலத்து யமதா நிஷிகி, 1936இல் பெயர் சூட்டப்பட்ட ரகம். ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்து காற்றுக்குச் சாய்ந்துவிடும், பயிரிடுவது சிரமம். மணியின் நடுவே பால்வெள்ளையாக ஒரு திட்டு. நம் மண்டியில் அப்படி அரிசி வந்தால் விலையைக் குறைப்பார்கள். அங்கே அந்தத் திட்டுக்குத்தான் விலை, ஏனென்றால் இளகலான அந்த நடுப்பகுதிக்குள் கோஜி எளிதாக இறங்கும். மணியின் வெளிப்புறத்திலுள்ள புரதமும் கொழுப்பும் மணத்தைக் கெடுக்கும் என்று தீட்டித் தள்ளுகிறார்கள். தைகிஞ்சோ என்ற உயர்ந்த வகைக்கு மணியில் பாதியாவது மாவாகப் போய்விட வேண்டும். நம்மவர்கள் குற்றாத அரிசியில் எடுத்த கள், சோற்று மணம் தூக்கலாக, வேறொரு அழகோடு இருந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது கூடத்துக்கும் வயலுக்கும் உள்ள உறவு. மெய்ஜி காலத்திலேயே நாதா பகுதிக் கூடங்கள் ஹியோகோவின் கிராமங்களோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்த ஊர் நெல் இந்தக் கூடத்துக்கு என்று தலைமுறைகளாகத் தொடர்கிறது. விலை வீழ்ந்த வருஷத்திலும் உழவருக்கு ஒரு பிடிமானம் அது.

எங்கள் பக்கம் வாணியாற்றுப் பாசனத்தில் நெல் விளைகிறது. மூட்டை மண்டி ஏறியதும் அதன் ஊர்ப்பெயர் போய்விடுகிறது. ஆடி மாதத்தில் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய் போட்டுக் கூழ் காய்ச்சும் பெண்களுக்கு எந்த மாவு எப்படிப் புளிக்கும் என்பது கைப்பழக்கம். தானியத்தை அறிந்த நாக்கு இங்கே இன்னும் இருக்கிறது. ஆகவே அடுத்த முறை அரிசி வாங்கும்போது, எந்த ஊர் நெல், எந்த ரகம் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.