கோவலன் அல்லாதவன்

மரண தண்டனை பற்றி இலக்கியக்காரர்கள் பேச ஆரம்பித்தால் சிறிது நேரத்தில் சிலப்பதிகாரம் வந்துவிடும். கோவலன் கொலையுண்டான், பாண்டியன் உயிர்விட்டான், மதுரை எரிந்தது. ஆகவே தமிழ் மனம் ஆதியிலிருந்தே இத்தண்டனைக்கு எதிரானது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். 2011இல் மூவர் தூக்கை நிறுத்தக் கோரி இங்கே இயக்கம் நடந்தபோதும் இதைக் கேட்டேன். அன்று கை தட்டியவர்களில் நானும் ஒருவன். இந்த வாதம் போதாது என்பது மட்டுமல்ல, தவறான இடத்தில் நிற்கிறது என்றும் இப்போது எனக்குப் படுகிறது.

வழக்குரை காதையைத் திரும்பப் படித்துப் பார்க்கலாம். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கிறான் அரசன். கண்ணகி இந்தக் கொள்கையை மறுப்பதில்லை. அவள் பேசுவதெல்லாம் சிலம்பைப் பற்றி. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து என்கிறான் அவன். சிலம்பு உடைகிறது, மணி தெறிக்கிறது, வழக்கு முடிந்தது. பாண்டியன் சாவது ஒரு உயிரைக் கொன்றதற்காக அல்ல. பொற்கொல்லன் பேச்சை நம்பி, விசாரிக்காமல், ஆளைத் தவறாகக் கொன்றதற்காக. கோவலன் உண்மையிலேயே திருடியிருந்தால் அந்தச் சபையில் கண்ணகிக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் இருந்திராது. உரைபெறு கட்டுரை இன்னும் கறாரானது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டுச் சாந்தி செய்கிறான். மழை பெய்கிறது, நோய் நீங்குகிறது. ஒருவன் செய்த வஞ்சனைக்கு ஆயிரம் பேர். மேடையில் இதை யாரும் நினைவுபடுத்துவதில்லை.

குற்றமற்றவன் தூக்கிலேறிவிடக்கூடும் என்பது நீதிமன்றத்தில் பெரிய வாதம்தான். தீர்ப்பைத் திருத்தலாம், தூக்கைத் திருத்த முடியாது. வக்கீல் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆனால் இது சாட்சியத்தைப் பற்றிய வாதம். சாட்சியம் பழுதில்லாமல் இருந்துவிட்டால் வாதம் உட்கார்ந்துவிடும். எழுத்தாளன் இதோடு நின்றுவிட்டால் பிரச்னை ஆரம்பிக்கும் முன்பே எழுந்து போய்விட்டான் என்றுதான் பொருள். பிரச்னை கோவலன் அல்லாதவன். செய்தவன்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச் 20 அதிகாலையில், 2012 டில்லிக் குற்றத்துக்காக நால்வரை திஹார் சிறையில் தூக்கிலிட்டார்கள். செய்தி கேட்டதும் என்னுள் முதலில் எழுந்தது ஒரு நிம்மதி. மரண தண்டனையை எதிர்ப்பவன் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அந்த நிம்மதியை மறைத்துவிட்டுக் கொள்கை பேசுவது அயோக்கியத்தனம் என்று தோன்றியது.

ஆதரிப்பவர்களின் வாதத்தை அதன் பலத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். தூக்கு இருந்தால் மற்றவர்கள் பயப்படுவார்கள் என்பது அதில் பலவீனமான பகுதி. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2012இல் இது குறித்த ஆய்வுகளைப் பரிசீலித்து, அவற்றிலிருந்து ஒரு முடிவுக்கும் வர இயலாது என்று அறிவித்தது. பலமான வாதம் கான்ட்டுடையது. 1797இல் அவர் ஒரு தீவைக் கற்பனை செய்கிறார். அதன் ஜனங்கள் சமூகத்தைக் கலைத்துவிட்டுப் பிரிந்து போகப்போகிறார்கள். அப்போதும், போவதற்கு முன், சிறையிலுள்ள கடைசிக் கொலைகாரனைக் கொன்றுவிட்டே போக வேண்டும் என்கிறார். இதில் பயமுறுத்தல் இல்லை, லாப நஷ்டம் இல்லை. செய்தவனைத் தன் செயலுக்குப் பொறுப்பான மனிதனாக மதிப்பதே அவனைத் தண்டிப்பது என்ற தர்க்கம் இருக்கிறது. ‘பாவம், சூழ்நிலை அப்படி’ என்று கொலைகாரனைக் குழந்தையாக்கும் நம்முடைய கருணையைவிட இதில் மரியாதை அதிகம்.

வள்ளுவரிடம் அந்த மரியாதை இல்லை. செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறளில் கொடியவரை அரசன் ஒறுப்பதைப் பயிரில் களையெடுப்பதோடு ஒப்பிடுகிறார். கொலையால் ஒறுத்தல் என்றே பரிமேலழகர் உரை கொள்கிறார். கொல்லாமையைத் துறவறத்தில் வைத்துவிட்டு, அரசனிடம் களைக்கொட்டைக் கொடுத்தாகிவிட்டது. இந்த உவமைதான் எனக்குச் சங்கடம். களை என்று ஒரு தாவரம் கிடையாது. உழவன் வேண்டாமென்று தீர்மானித்ததற்குக் களை என்று பெயர். உவமை சொல்லப்பட்ட நிமிஷத்திலேயே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. பிடுங்கும் கைக்கும் ஒன்றும் ஆவதில்லை.

எதிர்த்து எழுதிய பெரியவர்கள் செய்தவனை எப்படி எதிர்கொண்டார்கள்? விக்தர் ஹ்யூகோ 1829இல் வெளியிட்ட நாவலில் தண்டனை பெற்றவனுக்குப் பெயர் இல்லை. அவன் செய்த குற்றமும் சொல்லப்படவில்லை. 1931இல் வந்த ஆர்வெல்லின் பர்மியத் தூக்குமேடைக் கட்டுரையிலும் அப்படியே. கைதி ஒரு சிறு தண்ணீர்த் தேக்கத்தை மிதிக்காமல் ஒதுங்கி நடக்கிறான். அந்த ஒரு அசைவில் ஆர்வெல் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார். அதன் சக்தியை நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் யாரை, எப்படிக் கொன்றான் என்று முதல் பத்தியில் சொல்லியிருந்தால் அந்த அசைவு நம்மை இதே அளவு தொட்டிருக்குமா? குற்றத்தை மறைப்பது ஒரு உத்தி. உத்தி ஜெயித்த இடத்தில் கேள்வி பாக்கியாக நிற்கிறது.

மறைக்காதவர் கீஸ்லாவ்ஸ்கி. 1988இல் வந்த அவருடைய கொலை பற்றிய படத்தில் ஒரு இளைஞன் டாக்சிக்காரரைக் கொல்வது நிமிஷக்கணக்கில் நீள்கிறது. கயிறு போதாமல் கல் வருகிறது. அவனை நேசிக்க நமக்கு ஒரு காரணமும் தரப்படுவதில்லை. பிறகு தூக்கு. பொறிக்கதவைச் சோதிக்கிறார்கள், கயிற்றின் நீளத்தைப் பார்க்கிறார்கள், கழிவு விழக் கீழே தட்டு வைக்கிறார்கள். முதல் கொலை கோணலானது, இரண்டாவது ஒழுங்கானது. அந்த ஒழுங்குதான் தாங்க முடியாததாக இருக்கிறது.

அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘நிழல்குத்து’ (2002) இந்த ஒழுங்கின் உள்பக்கத்தைக் காட்டுகிறது. திருவிதாங்கூரின் தூக்கிலிடுபவன் காளியப்பன், குற்றமற்றவன் ஒருவனைக் கொன்றுவிட்டோம் என்ற நினைவில் குடிக்கிறான். மகாராஜாவின் மன்னிப்பு ஓலையோ, தூக்கு முடிந்த பிறகு வந்து சேரும்படி அனுப்பப்படுகிறது. ராஜாவுக்குப் பாவம் இல்லை. பாவம் கயிற்றைப் பிடித்தவனிடம் போய்ச் சேர்கிறது. நம் ஏற்பாட்டிலும் 1980இலிருந்து ‘அரிதினும் அரிது’ என்ற சொற்றொடர் இருக்கிறது, கருணை மனு இருக்கிறது, அதிகாலை நேரம் இருக்கிறது. ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் தள்ளிவிட்டுக் கை கழுவிக்கொள்ள வசதி இருக்கிறது.

கான்ட்டுக்கு என் பதில் இங்கேதான் தொடங்குகிறது. கடைசிக் கைதியைக் கொல்லச் சொல்லும் அவர், தீவில் யார் கொல்வது என்று சொல்வதில்லை. பொறுப்புக்காகவே விதிக்கப்படும் தண்டனை, நிறைவேறும்போது யாருக்கும் பொறுப்பில்லாத ஒன்றாகிவிடுகிறது. அரசாங்கம் செய்யும் எல்லாக் காரியமும் இப்படித்தானே, யுத்தமும் இப்படித்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் யுத்தத்தில் எதிரியின் கை கட்டப்பட்டிருப்பதில்லை. கட்டப்பட்ட கையோடு கொன்றால் யுத்தத்திலும் அதற்குப் பெயர் வேறு.

காம்யூ 1957இல் எழுதிய நீண்ட கட்டுரையைத் தன் தந்தையில் தொடங்குகிறார். குழந்தைகளையும் கொன்ற ஒருவனின் தலை வெட்டப்படுவதைக் காண, நியாயமான கோபத்தோடு, அந்த மனிதர் விடியுமுன் அல்ஜியர்ஸில் கிளம்பிப் போனார். திரும்பி வந்து பேசாமல் படுத்தார், வாந்தி எடுத்தார். அவருடைய கோபம் என் கோபமே. அவர் பார்த்தார், நான் பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். 2020இல் எனக்கு வந்தது பார்க்காதவனின் நிம்மதி.

இதனால் மகளை இழந்த தாயின் கோபத்துக்குப் பதில் சொல்லிவிட்டதாக நான் நினைக்கவில்லை. அதற்கு இலக்கியத்திடம் பதில் இல்லை. சட்டத்திடமும் இல்லை என்றே நம்புகிறேன். நான் எதிர்பார்ப்பது இவ்வளவே: தூக்கை எதிர்த்துத் தமிழில் எழுதப்போகிறவர் கோவலனைச் சற்று நேரம் ஒதுக்கி வைக்கட்டும். செய்தவனை, செய்ததோடு சேர்த்து, முதல் பத்தியிலேயே கொண்டுவந்து நிறுத்தட்டும். அப்புறமும் வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா பார்ப்போம்.